இரண்டு லட்ச ரூபாய் பிளேயரும் இரண்டு கிராம் ஊசியும்

"மச்சான், ஹை-எண்ட் டர்ன்டேபிள் ஒண்ணு வாங்கணும், எது நல்லாருக்கும்?"

இந்தக் கேள்வி எங்கள் வகுப்பில் இப்போதெல்லாம் மாதம் ஒரு முறையாவது காதில் விழுகிறது. பைக் வாங்கும்போது எத்தனை சிசி என்று கேட்கிற அதே தொனி. தட்டு சுற்றும் பிளேட் எத்தனை கிலோ, பெல்ட்டா டைரக்ட் டிரைவா, எந்த நாட்டு சரக்கு... பதில் சொல்கிறவர்களும் சளைத்தவர்கள் இல்லை. "காசை பிளேயர்ல போடு. கார்ட்ரிட்ஜ் அப்புறம் பாத்துக்கலாம்."

இந்த "அப்புறம் பாத்துக்கலாம்" என்பதைத்தான் இந்தப் பதிவில் ஒரு கை பார்க்கப் போகிறேன். லண்டனிலோ டோக்கியோவிலோ இருப்பவருக்கு இந்த அறிவுரை ஓரளவு சரியாக இருக்கலாம். வில்லியனூர், பாகூர் கொம்யூன் பக்கத்து வீடுகளில் பரண்மேல் கிடக்கும் தட்டுகளுக்கு இதைவிட ஆபத்தான அறிவுரை வேறு இல்லை. பிடிக்காதவர்கள் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டவும் :-)

முதலில், உங்கள் வீட்டில் என்ன தட்டு இருக்கிறது?

பிளேயர் வாங்கப் போகிறவரிடம் யாரும் கேட்காத கேள்வி இது. நம் பக்கத்தில் ரெக்கார்டு வந்த வழிகள் மூன்று.

ஒன்று, சவுண்ட் சர்வீஸ்காரர்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போதும் கல்யாணத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் குழாய் ஸ்பீக்கரைக் கம்பத்தில் கட்டி ஊரையே எழுப்பியவர்கள். எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு, சீர்காழி கோவிந்தராஜன், டி.எம்.எஸ். பாடிய முருகன் பாட்டு, அப்புறம் ராத்திரியில் கட்டபொம்மன், திருவிளையாடல் வசனத் தட்டுகள். 1980களில் கேசட் வந்ததும் இந்தத் தட்டெல்லாம் பெட்டியோடு பரணுக்குப் போயிற்று.

இரண்டு, வசதியான மிராசு வீட்டு கிராமபோனும் ரேடியோகிராமும்.

மூன்று, பிரான்ஸ் சொந்தம். பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா குடும்பங்கள் நம் பக்கத்தில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அங்கிருந்து வந்த சாமான்களோடு பிளேயரும் தட்டும் வந்தன.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், நம் ஆட்களிடம் 78 தட்டு அதிகம். கல்கத்தா டம்டம்மில் 1928இல் தொடங்கிய கிராமபோன் கம்பெனி தொழிற்சாலை, மேல்நாட்டில் 78 கிட்டத்தட்ட செத்துப்போன பிறகும் அதை அழுத்திக்கொண்டே இருந்தது. 1960களில் பீட்டில்ஸ் பாட்டைக்கூட 78இல் போட்டார்கள், உலகத்து சேகரிப்பாளர்கள் இன்றும் அதைத் தேடி அலைகிறார்கள். காரணம் ரொம்ப சாதாரணம். கரண்ட் இல்லாத ஊர்களில் சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன்தான் இருந்தது, அதில் 78 மட்டும்தான் ஓடும்.

ஆக, ஒரே பெட்டியில் மூன்று ஜாதி தட்டு இருக்கும். அரக்கில் செய்த 78. ஒரு பக்கத்துக்கு இரண்டு பாட்டு அடைத்த 45 ஈ.பி. அப்புறம் எல்.பி. இந்த மூன்றையும் ஒரே ஊசியால் படிக்க முடியாது. இங்கேதான் "அப்புறம் பாத்துக்கலாம்" கோஷ்டி மாட்டிக்கொள்கிறது.

தட்டைத் தொடுவது யார்?

உங்கள் பிளேயரில் பத்து கிலோ அலுமினியம் இருக்கலாம். கார்பன் ஃபைபர் ஆர்ம் இருக்கலாம். அதில் எதுவும் தட்டின் பள்ளத்தைத் தொடுவதில்லை. தொடுவது ஊசி ஒன்றுதான். எல்.பி.க்கான சாதாரண கூம்பு ஊசியின் நுனி ஆரம் சுமார் 18 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு சின்ன இடத்தில் இரண்டு கிராம் உட்காருகிறது. "ரெண்டு கிராம்தானே" என்று நினைக்காதீர்கள், அந்த அளவு இடத்துக்கு அது மலை.

78இன் பள்ளம் இதைவிட ரொம்ப அகலம். அதற்கு 65 முதல் 75 மைக்ரான் நுனி வேண்டும். எல்.பி. ஊசியை வைத்தால் அது பள்ளத்தின் சுவரைத் தொடாமல் அடியில் கிடக்கும் குப்பையில் போய் உட்காரும். பாட்டு சுவரில் இருக்கிறது, ஊசி தரையில் ஓடுகிறது. கிடைப்பது கரகரப்பு. கேட்பவர் "பழைய தட்டு, அப்படித்தான் இருக்கும்" என்று முடிவு கட்டிவிடுவார். தட்டின் மேல் தப்பில்லை ஐயா, ஊசி தப்பு. போதாக்குறைக்கு அரக்குத் தட்டில் கலந்திருக்கும் கல்தூள் உங்கள் விலையுயர்ந்த நுண் ஊசியையும் தேய்த்துத் தள்ளும்.

இதில் பெரிய கூத்து, பேர்பெற்ற பல பிளேயர்களில் 78 வேகமே கிடையாது. ரீகா பிளானர் 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல பிளேயர், மறுப்பதற்கில்லை. ஆனால் 33, 45 மட்டும்தான். 78 வேண்டும் என்கிறவர்களுக்கு அந்தக் கம்பெனியே தனி மாடல் போட்டது. தாத்தாவின் பெட்டியில் முக்கால்வாசி 78 இருக்க, அதை ஓட்டவே முடியாத பிளேயரை லட்சக்கணக்கில் வாங்குவதற்குப் பெயர் ரசனையா?

பழைய 78களை மின்வடிவமாக்கிய கிரேட் 78 திட்டத்தில் (இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தியது) என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரே டர்ன்டேபிளில் நான்கு ஆர்ம் பூட்டி, நான்கு அளவு ஊசியால் ஒரே நேரத்தில் பதிவு செய்தார்கள். எந்தத் தட்டுக்கு எந்த அளவு பொருந்தும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதால். அவர்கள் மூளையைச் செலவழித்தது ஊசியில்.

"மூலமே முதல்" என்ற மந்திரம்

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 1970களில் ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் ஒரு கொள்கையைப் பரப்பியது. ஒலி தொடங்கும் இடம் கெட்டால் பின்னால் எந்த ஸ்பீக்கர் வைத்தும் சரிசெய்ய முடியாது, அதனால் முதலில் டர்ன்டேபிள், அப்புறம் ஆர்ம், அப்புறம்தான் கார்ட்ரிட்ஜ் என்பது அதன் வரிசை. பேரிங் ஆடினால் உறுமல் வரும், வேகம் ஆடினால் வயலின் அழும், அதைக் கார்ட்ரிட்ஜ் திருத்த முடியாது. இதெல்லாம் உண்மை. மட்டமான பிளேயர் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் அந்த வரிசை யாருக்காகப் போடப்பட்டது? கடைக்குப் போய் அன்றைக்கு வந்த புதுத் தட்டை வாங்குகிறவருக்கு. தேய்ந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்வார். நம் பெட்டியில் இருக்கும் தட்டை எந்தக் கடையில் போய் மறுபடி வாங்குவீர்கள்? பழைய தட்டுக்குப் பேர்போன சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தே போயிற்று. புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்று கண்ணில் படலாம், அதுவும் யாரோ தேய்த்துப் போட்டதாக இருக்கும்.

உறுமல் பிளேயரின் குற்றம், பிளேயரை மாற்றினால் போய்விடும். ஊசி செய்த காயம் தட்டிலேயே தங்கிவிடும், எதை மாற்றினாலும் போகாது. திருத்த முடிகிற தப்பை அப்புறம் திருத்தலாம். திருத்த முடியாத தப்பை முதல் நாளே செய்யாமல் இருக்க வேண்டும். என் வரிசை லின் வரிசைக்கு நேர் எதிராக இருப்பதற்கு இதுதான் காரணம்.

பொருத்தம் பார்க்காமல் கல்யாணமா?

சரி, நல்ல ஊசியாக ஒன்று வாங்கியாயிற்று. எந்த ஆர்மிலும் மாட்டிவிடலாமா? முடியாது. நம் வீட்டில் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள், இங்கே ஒரே ஒரு பொருத்தம் பார்த்தால் போதும். ஆனால் அதைக்கூடப் பலர் பார்ப்பதில்லை.

ஊசித்தண்டு ஒரு ஸ்பிரிங் மாதிரி. அதன் நெகிழ்வைக் கம்ப்ளையன்ஸ் என்கிறார்கள். ஆர்மும் கார்ட்ரிட்ஜும் அந்த ஸ்பிரிங்கில் தொங்கும் எடை. ஸ்பிரிங்கில் எடை கட்டினால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தானாக ஆடும் என்பது பிளஸ் டூ இயற்பியல். இந்த ஆட்டம் 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். கணக்கு இதுதான்: மொத்த எடையை (ஆர்மின் செயல் எடை + கார்ட்ரிட்ஜ் + திருகு, கிராமில்) கம்ப்ளையன்ஸால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, அதனால் 159-ஐ வகுக்கவும்.

உதாரணம் 1: டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 ஆர்ம் 12 கிராம். ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் 7.2 கிராம், கம்ப்ளையன்ஸ் 20. திருகோடு சேர்த்து 20 கிராம். 20 × 20 = 400, வர்க்கமூலம் 20. 159-ஐ 20-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 8. பாஸ்.

உதாரணம் 2: 20 கிராம் செயல் எடை உள்ள பழைய கனத்த ஆர்ம். அதில் 6 கிராமில், கம்ப்ளையன்ஸ் 30 உள்ள மென்மையான கார்ட்ரிட்ஜ். திருகு ஒரு கிராம். மொத்தம் 27. விடை 5.6 ஹெர்ட்ஸ். ஃபெயில்.

5.6 வந்தால் என்ன குடி முழுகிப்போகும் என்கிறீர்களா? வளைந்த தட்டின் ஏற்ற இறக்கங்கள் நடமாடுகிற இடம் அதுதான். நம் ஊர் வெயிலில், ஓட்டு வீட்டுப் பரணில் முப்பது நாற்பது வருஷம் சாய்ந்து கிடந்த தட்டு வளையாமல் இருந்தால்தான் அதிசயம். ஊசி ஒரு நேரம் பள்ளத்தை அமுக்கும், அடுத்த நொடி லேசாக மிதக்கும். சில தட்டில் துள்ளிக் குதித்துப் பக்கத்துப் பள்ளத்துக்கே போய்விடும். புதுத் தட்டு வைத்திருக்கும் வெள்ளைக்காரரைவிட இந்தக் கணக்கு நமக்குத்தான் முக்கியம்.

உதாரணம் 3: இது நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம். ஜப்பான் என்.எச்.கே. ஒலிபரப்புக்காக 1960களில் உருவான டெனான் டிஎல்-103 இன்றும் புகழ்பெற்றது. எடை 8.5 கிராம், கம்ப்ளையன்ஸ் 5 என்று போட்டிருப்பார்கள். ஜப்பான்காரர்கள் பொதுவாக 100 ஹெர்ட்ஸில் அளக்கிறார்கள். நம் கணக்குக்கு 10 ஹெர்ட்ஸ் அளவு வேண்டும், அதற்கு ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தோராயமாக வைத்துக்கொள்ளலாம். அப்படியும் அது முரட்டு ஆசாமிதான். 6 கிராம் லேசான ஆர்மில் மாட்டினால் 13, 14 என்று ஏறிவிடும், பாஸ் ஒலியில் கலங்கல் வரும். ஹெட்ஷெல்லில் 5 கிராம் எடை கூட்டினால் விடை 12-ஐ நெருங்கிவிடும். இந்த வைத்தியத்துக்கு ஆகும் செலவு ஒரு டீ, ஒரு பஜ்ஜி. இதற்கு ஆர்மையே மாற்றச் சொல்லி ஐம்பதாயிரம் கேட்கும் அறிவுரைகளும் உலவுகின்றன!

மில்லிவோல்ட் பொருத்தம்

2எம் ரெட் தருவது 5.5 மில்லிவோல்ட். டிஎல்-103 தருவது 0.3. பதினெட்டு மடங்கு வித்தியாசம். முதல் வகைக்கு (எம்.எம்.) நூறு மடங்கு பெருக்கும் ஃபோனோ போதும். இரண்டாவதுக்கு (எம்.சி.) ஆயிரம் மடங்கு வேண்டும். இது தெரியாமல் எம்.சி. கார்ட்ரிட்ஜை எம்.எம். ஃபோனோவில் சொருகி, வால்யூமைக் கடைசி வரை திருகி, "உஸ்ஸ்ஸ்" சத்தத்தை அனலாக் வாசனை என்று சிலாகிப்பவர்களுக்கு என் அனுதாபங்கள்.

பழைய மைக் செட் ஆம்ப்ளிஃபையரில் ஃபோனோ என்று எழுதிய ஓட்டை இருந்தால் அதையும் நம்பாதீர்கள். அது பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜுக்கானது. தட்டு வெட்டும்போது பாஸைக் குறைத்து, ஓட்டும்போது கூட்டிக்கொள்வது 1954 முதல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. முறை. செராமிக் ஓட்டையில் அந்தச் சரிக்கட்டல் இருக்காது. அதில் நல்ல எம்.எம். கார்ட்ரிட்ஜைச் சொருகினால் மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போய், வலந்தலை மட்டும் டொக்கு டொக்கு என்று கேட்கும்.

கரண்ட் பயம் காட்டுகிறவர்கள்

"உங்க ஊர் கரண்டுக்கு இதெல்லாம் தாங்காது, தனியா பவர் கண்டிஷனர் வாங்கணும்." இதுவும் அடிக்கடி கேட்பது. சிங்க்ரனஸ் மோட்டாரின் வேகத்தைத் தீர்மானிப்பது வோல்டேஜ் இல்லை, ஃப்ரீக்வென்சி. இந்திய மின்தொகுப்பில் அதற்கு விதித்திருக்கும் வரம்பு 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ். அதற்குள் நடக்கும் ஆட்டத்தைக் காதால் கண்டுபிடிப்பவர் யாராவது இருந்தால் அவர் காலில் விழத் தயார்.

உண்மையான ஆபத்து வேறு இரண்டு. ஒன்று, மலிவான ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். கரண்ட் போனதும் அதில் ஓடும் ஏ.சி. மோட்டார் இரையும். இரண்டு, அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் பிளேயர். டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் வோல்டேஜ் இறங்கும், ஆனால் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த சிங்க்ரனஸ் மோட்டார் இங்கே 50இல்தான் ஓடும். 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும். சுருதி ஒன்றரைக் கட்டை இறங்கி, சுசீலாம்மா குரல் யாரோ அண்ணன் குரலாக மாறும் :-) அதற்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி மாற்ற வேண்டும். பிரான்ஸிலிருந்து வந்த பிளேயருக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கேயும் 50 ஹெர்ட்ஸ்தான். சொல்தா வீட்டுப் பழைய டூயலையோ தோரன்ஸையோ ஏளனமாகப் பார்க்காதீர்கள். பெல்ட் மாற்றி, எண்ணெய் விட்டு, புது ஊசி போட்டால் பல புதுப் பிளேயர்களோடு தைரியமாக மோதும்.

சூட்கேஸ் கட்சிக்கும் ஒரு வார்த்தை

லட்ச ரூபாய் கட்சியைத் திட்டியதால் நான் சூட்கேஸ் பிளேயர் கட்சி என்று நினைக்க வேண்டாம். அதில் பெரும்பாலும் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ், ஐந்தாறு கிராம் அழுத்தம், அதைக் குறைக்கத் திருகு கிடையாது. காசு குறைவுதான். ஆனால் விலையில் மிச்சம் பிடித்ததைத் தட்டிலிருந்து வசூலித்துக்கொள்ளும். ஒரு கட்சி ஊசியை மறந்துவிட்டது, இன்னொரு கட்சி ஊசியால் சுரண்டுகிறது. தட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்போ என்ன வாங்குவது?

என் வரிசை இது.

1. பெட்டியைத் திற. எத்தனை 78, எத்தனை ஈ.பி., எத்தனை எல்.பி. என்று எண்ணு.

2. ஊசியைத் தீர்மானி. ஒரே உடலில் ஊசியை மட்டும் மாற்ற முடிகிற குடும்பமாக இருந்தால் உத்தமம். ஆடியோ-டெக்னிகா விஎம்95 வரிசையில் கூம்பு, நீள்வட்டம், மைக்ரோலைன், 78 எல்லா ஊசியும் ஒரே உடலில் ஏறும். பழைய கனத்த ஊசி தேய்த்த எல்.பி.க்கு மைக்ரோலைன் போன்ற நுண் ஊசி பலமுறை கைகொடுக்கும், தேயாத உயரத்தில் சுவரைத் தொடும் என்பதால்.

3. அந்தக் கார்ட்ரிட்ஜுக்குப் பொருந்தும் ஆர்ம். 159 கணக்கைப் போடு.

4. அதற்கேற்ற ஃபோனோ. மோனோ பட்டன் இருந்தால் விடாதே. 78க்கும் பழைய மோனோ தட்டுக்கும் அதை அமுக்கினால் பாதி கரகரப்பு அடங்கும்.

5. கடைசியாக டர்ன்டேபிள். 78 வேண்டுமென்றால் அந்த வேகம் உள்ளது, ஆர்மின் எடையைத் திருத்த முடிவது, ஆடாத பேரிங் உள்ளது. இந்த மூன்றும் இருந்தால் போதும். மொத்த பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்காவது ஊசிக்குப் போகட்டும்.

6. கோணம் வைக்கும் அட்டை. 1938இல் சுவீடனின் லோஃப்கிரென் போட்ட கணக்கை, 1941இல் பேர்வால்டும் போட்ட கணக்கை, இன்று காகிதத்தில் அச்சடித்துக்கொள்ளலாம். எல்.பி.யின் வெளி ஓரத்தில் பள்ளம் நொடிக்கு சுமார் 50 சென்டிமீட்டர் ஓடுகிறது, உள்ளே வரும்போது 20க்குக் குறுகிவிடுகிறது. கோணம் தப்பினால் அடி விழுவது கடைசிப் பாட்டுக்கு. லட்ச ரூபாய் பிளேயரிலும் கடைசிப் பாட்டு பிசிறடிக்கிறது என்றால் இந்த அட்டையை யாரோ வைத்துப் பார்க்கவில்லை.

ஹை-எண்ட் என்ற வார்த்தைக்கு விலைப்பட்டியலில் ஒரு அர்த்தம் இருக்கலாம். என்னைக் கேட்டால், நூறு முறை ஓட்டிய பிறகும் தட்டை முதல் நாள் போலவே திருப்பித் தருகிற அமைப்புக்குத்தான் அந்தப் பட்டம் பொருந்தும். அது அறுபதாயிரத்திலும் அமையும், ஆறு லட்சத்திலும் அமையாமல் போகும். தட்டு நம்முடையது மட்டும் இல்லை, நமக்கு அடுத்து கேட்கப் போகிறவர்களுடையதும்தான். அவர்களுக்கு மிச்சம் இருக்குமா என்பதை முடிவு செய்வது அந்த இரண்டு கிராம்தான்.

பி.கு: பரணிலிருந்து எடுத்த 78-ஐ ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள். அது அரக்கு. ஃபிரெஞ்ச் பாலிஷ் போடும் ஆசாரி அரக்கைக் கரைப்பதே ஸ்பிரிட்டில்தான். துடைக்கத் துடைக்கப் பாட்டும் சேர்ந்து கரையும். காய்ச்சி வடித்த நீரில் ஓரிரு சொட்டு மென்மையான சோப்பு கலந்து, நடுவில் ஒட்டிய லேபிள் நனையாமல் துடைத்து, நிழலில் உலர்த்தவும்.